இயங்காத அரச சபையொன்றைப் பாராளுமன்றக் குழுவின் முன் கொண்டுவருவது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களுக்கான வழிகாட்டி

பெயர்ப்பலகை தொங்கும். அலுவலகம் காலையில் திறக்கும். இரண்டு மூன்று பேர் கையொப்பம் இட்டுவிட்டு அமர்ந்திருப்பார்கள். ஆனால் அந்தச் சபைக்குப் பணிப்பாளர்கள் நியமிக்கப்படாமல், கூட்டம் நடக்காமல், மக்களுக்குச் செய்யவேண்டிய வேலை எதுவும் நகராமல் வருடங்கள் போய்க்கொண்டிருக்கும். படுவான்கரையில் இப்படியான ஒரு சபையிடம் தொழில் உதவிக்காகப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த குடும்பங்களுக்கு விண்ணப்பங்கள் எழுதிக் கொடுக்கப் போன நாளிலிருந்து, இத்தகைய நிறுவனங்களை யார் கேள்வி கேட்கலாம், எந்தக் கதவைத் தட்டினால் பதில் வரும் என்பதைத் தேடி நான் நிறையவே அலைந்திருக்கிறேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் இருத்துங்கள். பாராளுமன்றக் குழுக்கள் ஆவணத்தின் மீதுதான் வேலை செய்கின்றன. ஒரு சபை இயங்கவில்லை என்பது ஊருக்கே தெரிந்திருந்தாலும், அதைக் காட்டும் தாள் ஒன்று குழுவின் மேசையில் இல்லையென்றால் அந்தச் சபை அழைக்கப்படுவதில்லை. மேலும், இயங்காத சபை ஆண்டறிக்கை தருவதில்லை. அறிக்கை தராத சபையின் பெயர் விவாதங்களிலும் வருவதில்லை. ஆகவே அந்தத் தாளை உருவாக்குவதே உங்கள் வேலை. கீழே சொல்லப்படும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

1. அந்த நிறுவனம் எந்தச் சட்டத்தின் கீழ் அமைந்தது என்று கண்டுபிடியுங்கள்

"சபை", "அதிகாரசபை", "கூட்டுத்தாபனம்", "பணியகம்", "ஆணைக்குழு" என்ற பெயர்களை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். எந்தச் சட்டம் அதை உருவாக்கியது என்பதே அதை மேற்பார்வை செய்யும் குழு எது என்பதைத் தீர்மானிக்கிறது. நம் பகுதியில் நீங்கள் சந்திக்கக்கூடியவை பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கும்.

பாராளுமன்றச் சட்டமொன்றினால் உருவாக்கப்பட்ட நியதிச்சட்ட சபைகளும் கூட்டுத்தாபனங்களும், அரசுக்குப் பங்குள்ள கம்பனிகளும் முதல் வகை. இவற்றின் கணக்குகளையும் செயற்பாட்டையும் பரிசீலிப்பது, கோப் என்று எல்லோரும் அழைக்கும் அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழு. அமைச்சுக்கள், திணைக்களங்கள், மாகாண சபைகள், உள்ளூராட்சி மன்றங்கள் ஆகியவை இரண்டாவது வகை. இவை கோபா எனப்படும் அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழுவின் கீழ் வரும். மூன்றாவது வகை, கிழக்கு மாகாண சபையின் நியதிச்சட்டத்தினால் உருவான அதிகாரசபைகளும் பணியகங்களும் ஆகும். இவற்றைப் பற்றி ஆறாவது படியில் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் கிழக்கு மாகாணத்தவருக்கு உள்ள பெரிய சிக்கல் அங்கேதான் இருக்கிறது. நான்காவது வகை ஆணைக்குழுக்கள். அரசியலமைப்பின் 41ஆ உறுப்புரையின் கீழ் வரும் மனித உரிமைகள் ஆணைக்குழு போன்றவை பாராளுமன்றத்துக்குப் பொறுப்புக்கூற வேண்டியவை. ஆனால் விசாரணை ஆணைக்குழுச் சட்டத்தின் கீழ் ஜனாதிபதி நியமிக்கும் ஆணைக்குழுக்கள் நியமனப் பத்திரத்தில் குறிக்கப்பட்ட காலத்துடன் முடிந்துவிடும். அவற்றை "இயங்காத ஆணைக்குழு" என்று முறைப்பாடு செய்து பயனில்லை. அவற்றின் அறிக்கை எங்கே, அதன் பரிந்துரைகள் என்னவாயின என்று கேட்பதே சரியான கேள்வி.

இதற்குத் தேவையான ஆவணம் வர்த்தமானி. எந்த அமைச்சின் கீழ் எந்தத் திணைக்களமும் எந்த நியதிச்சட்ட நிறுவனமும் வருகின்றன என்பதை ஜனாதிபதி விசேட வர்த்தமானியில் அறிவிக்கிறார். அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் மூன்று மொழிகளிலும் அதை இலவசமாகப் பதிவிறக்கலாம். ஒவ்வொரு அமைச்சரவை மாற்றத்துடனும் இந்தப் பட்டியல் மாறும், இடையில் திருத்தங்களும் வரும் என்பதால் கடைசியாக வெளிவந்ததைத் தேடி எடுங்கள். பழைய பட்டியலை வைத்துக்கொண்டு முந்திய அமைச்சுக்கு எழுதினால், "எமது விடயப்பரப்புக்குள் இல்லை" என்ற ஒருவரிப் பதிலுக்கே வாரக்கணக்கில் காத்திருக்க நேரிடும்.

2. "இயங்கவில்லை" என்பதை அளந்து சொல்லுங்கள்

ஒரு சபை இயங்கவில்லை என்று எழுதுவதற்கு முன்னர், அது உண்மையாகவே இயங்கவில்லையா, அல்லது உங்கள் மாவட்டத்தில் மட்டும் இயங்கவில்லையா என்று பாருங்கள். கொழும்பில் தலைமை அலுவலகம் ஒழுங்காக நடந்துகொண்டிருக்க, மட்டக்களப்புக் கிளையோ கல்முனைக் கிளையோ வெறுமனே கிடப்பது வேறு விடயம். அதற்குப் பாராளுமன்றக் குழு வரை போகத் தேவையில்லை. தலைமை அலுவலகத்துக்கும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்கும் எழுதினால் போதுமானதாக இருக்கலாம்.

அதேபோல், ஆட்சி மாறியதும் தலைவர்களும் பணிப்பாளர்களும் விலகுவதும் புதியவர்களை நியமிக்கச் சில மாதங்கள் எடுப்பதும் இந்த நாட்டில் வழமை. அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டு முறைப்பாடு செய்தால், உங்கள் கடிதம் பரிசீலனைக்கு வரும்போது நியமனம் நடந்திருக்கும், உங்கள் வாதமும் விழுந்துவிடும். எனவே குறைந்தது இரண்டு நிதியாண்டுகளைத் தாண்டிய செயலின்மையைக் காட்ட முடிந்தால் மட்டுமே இந்த வழியில் இறங்குங்கள் என்பது என் ஆலோசனை. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஒரு வருடச் செயலின்மைக்கு எந்தச் செயலாளராலும் காரணம் சொல்ல முடியும். தொடர்ந்து வரும் ஆண்டுகளுக்குச் சொல்வது கடினம்.

3. கேட்பதற்கு முன்னர், ஏற்கெனவே வெளியில் உள்ள ஆவணங்களைச் சேகரியுங்கள்

இந்தப் படிக்குப் பணச்செலவு இல்லை, ஆனால் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பாராளுமன்ற இணையத்தளத்தில் சபையில் சமர்ப்பிக்கப்பட்ட ஆண்டறிக்கைகள், கோப், கோபா அறிக்கைகள், ஹன்சாட் எனப்படும் விவாதப் பதிவேடு ஆகியவை உள்ளன. தேசிய கணக்காய்வு அலுவலகத்தின் தளத்தில் நிறுவனம் நிறுவனமாகக் கணக்காய்வு அறிக்கைகள் இருக்கின்றன. உங்கள் சபையின் கடைசி ஆண்டறிக்கை எந்த வருடத்துக்குரியது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அரசியலமைப்பின் 154(6) உறுப்புரையின்படி கணக்காய்வாளர் தலைமை அதிபதி நிதியாண்டு முடிந்து பத்து மாதங்களுக்குள் பாராளுமன்றத்துக்கு அறிக்கையிட வேண்டும். ஆகவே ஒரு வருடத்தின் கணக்கைப் பற்றிய விடயம் அடுத்த வருடம் ஒக்டோபர் மாத முடிவுக்குள் வெளியே வந்திருக்க வேண்டும் என்பதை உங்கள் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

கணக்காய்வு அறிக்கையில் எண்களைவிட வசனங்களைக் கவனியுங்கள். கணக்குக் கூற்றுக்கள் உரிய திகதியில் சமர்ப்பிக்கப்படவில்லை, பணிப்பாளர் சபைக் கூட்டங்கள் நடத்தப்படவில்லை, வாகனங்களும் கட்டடங்களும் பயன்பாடின்றி உள்ளன, பதவி வெற்றிடங்கள் நிரப்பப்படவில்லை என்பன போன்ற குறிப்புகள் அங்கே இருக்கும். அவற்றில் ஒரு வசனம் கிடைத்தால்கூட உங்கள் வேலையில் பாதி முடிந்தது போல, ஏனெனில் கோப் குழு முதலில் திறந்து பார்ப்பதும் அதே அறிக்கையைத்தான்.

அடுத்ததாக வருடாந்த வரவு செலவுத் திட்ட மதிப்பீடுகளைப் பாருங்கள். பெரிய நூல்தான், ஆனால் உங்கள் அமைச்சுக்குரிய தலைப்பை மட்டும் திறந்தால் போதும். அதில் 1503 என்ற செலவு இலக்கத்தின் கீழ் பொது நிறுவனங்களுக்கான மீண்டெழும் செலவு மாற்றல்களும், 2201 இன் கீழ் மூலதனச் செலவு மாற்றல்களும் காட்டப்பட்டிருக்கும். மீண்டெழும் செலவு வருடாவருடம் ஒதுக்கப்பட்டு, மூலதனச் செலவு வெறுமையாக இருந்தால், சம்பளமும் வாடகையும் போகின்றன, வேலை நடக்கவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் குறைவு. அந்தப் பக்கத்தை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

4. தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள்

இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான படி இதுதான். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. இலங்கைப் பிரஜையாக இருந்தால் போதும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று யாரும் உங்களிடம் காரணம் கேட்க முடியாது. படிவம் கிடைக்காவிட்டால் வெள்ளைத்தாளில் எழுதிய கடிதமே போதும். எழுத முடியாதவர் வாய்மொழியாகக் கேட்டால், அதை எழுத்தில் பதிவு செய்ய வேண்டியது தகவல் உத்தியோகத்தரின் கடமை. விண்ணப்பக் கட்டணம் கிடையாது.

இயங்காத சபை ஒன்றில் தகவல் உத்தியோகத்தரே இல்லாமல் இருக்கலாம், அதைக் கேட்டுப் பலர் திரும்பி வந்துவிடுகிறார்கள். திரும்ப வேண்டாம். தகவல் உத்தியோகத்தர் நியமிக்கப்படும் வரை அந்த நிறுவனத்தின் தலைவரோ பிரதான நிறைவேற்று அதிகாரியோ தகவல் உத்தியோகத்தராகக் கருதப்படுவார் என்று சட்டத்தின் 23 ஆம் பிரிவு சொல்கிறது. தலைவர் பதவியும் வெறுமையாக இருந்தால், சபை எந்த அமைச்சின் கீழ் உள்ளதோ அந்த அமைச்சின் தகவல் உத்தியோகத்தருக்கு அதே கேள்விகளைத் தனி விண்ணப்பமாக அனுப்புங்கள். கைவசம் உள்ள தகவல் மட்டுமல்லாமல், கட்டுப்பாட்டில் உள்ள தகவலையும் வழங்க வேண்டும் என்பதே சட்டம் என்பதால், "அது சபையிடம் இருக்கிறது" என்று அமைச்சு தட்டிக்கழிக்க முடியாது. நான் இப்போது யாருக்கு உதவினாலும் இரண்டு விண்ணப்பங்களையும் ஒரே நாளில் தபாலில் சேர்க்கச் சொல்கிறேன். இரு பதில்களும் முரண்பட்டால், அந்த முரண்பாடே பின்னர் பெரிய சான்றாகிவிடும்.

கேள்விகளை எப்படி அமைப்பது என்பதில்தான் வெற்றி தங்கியிருக்கிறது. "ஏன் இந்தச் சபை வேலை செய்யவில்லை?" என்று கேட்டால் பதில் வராது, ஏனெனில் அது அபிப்பிராயம் கேட்பது. கோப்பில் இருக்கக்கூடியதை மட்டும், திகதியோடும் எண்ணிக்கையோடும் கேளுங்கள். நான் எழுதிக் கொடுக்கும் கேள்விகள் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

அ. 2022 ஜனவரி 1 முதல் இன்று வரை இச்சபையின் பணிப்பாளர்களாக இருந்தவர்களின் பதவிகள், நியமனத் திகதிகள், பதவி முடிவுற்ற திகதிகள்.

ஆ. அதே காலத்தில் நடைபெற்ற பணிப்பாளர் சபைக் கூட்டங்களின் திகதிகளும், ஒவ்வொரு கூட்டத்தின் அறிக்கையின் பிரதியும்.

இ. அதே காலத்தில் ஆண்டுவாரியாகத் திறைசேரியிலிருந்து கிடைத்த பணம், சம்பளத்துக்கும் கட்டட வாடகைக்கும் எரிபொருளுக்கும் செலவான தொகை.

ஈ. கடைசியாகப் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்ட ஆண்டறிக்கையின் ஆண்டும் சமர்ப்பித்த திகதியும்.

உ. மட்டக்களப்பு மாவட்டத்தில் (அல்லது அம்பாறை மாவட்டத்தில்) பிரதேச செயலாளர் பிரிவு வாரியாகப் பயன்பெற்றவர்களின் எண்ணிக்கை. பெயர்கள் தேவையில்லை.

கடைசிக் கேள்வியில் "பெயர்கள் தேவையில்லை" என்று எழுதுவதை மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால், தனிப்பட்ட தகவல் என்று காரணம் காட்டி அந்தக் கேள்வியை மட்டுமல்லாமல் முழு விண்ணப்பத்தையும் மறுக்க முயல்வார்கள். கேள்விகளை ஐந்து ஆறுடன் நிறுத்திக்கொள்ளுங்கள். இருபது கேள்விகள் கேட்டால் எளிதான பதினெட்டுக்குப் பதில் வந்து, உங்களுக்குத் தேவையான இரண்டு விடுபட்டுவிடும்.

மொழி விடயத்திலும் உறுதியாக இருங்கள். கிழக்கு மாகாணத்தில் தமிழ் நிருவாக மொழி. அதற்கு வெளியே உள்ள அலுவலகத்துடனும் தமிழில் தொடர்பாடவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை உங்களுக்கு உரிமை தருகிறது. திருக்கோவிலிலிருந்தோ பொத்துவிலிலிருந்தோ எழுதுபவர்களுக்குச் சிங்களத்தில் மட்டும் பதில் வருவது இன்னும் நடக்கிறது. "பதிலைத் தமிழில் தரவும்" என்ற வரியை விண்ணப்பத்தின் இறுதியில் எழுதுங்கள். அதற்குப் பிறகும் வராவிட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். ஆனால் ஒரு வேண்டுகோள்: மொழி முறைப்பாட்டைக் காரணமாக வைத்து மேன்முறையீட்டுக் காலத்தைத் தவறவிடாதீர்கள். வந்த பதிலை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து அன்றே வாசித்தறிந்து, அடுத்த படிக்குப் போங்கள்.

நேரில் கொடுத்தால் கையோடு ஏற்புப் பற்றுச்சீட்டைக் கேளுங்கள். உடனடியாக அதைத் தருவது சட்டப்படி அவர்களின் கடமை. தபாலில் என்றால் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை விண்ணப்பப் பிரதியின் மேல் மூலையில் பின் செய்து, இரண்டையும் சேர்த்து ஒரு நிழற்பிரதி எடுத்து வையுங்கள். தபாலகப் பற்றுச்சீட்டில் உள்ள மை சில மாதங்களில் மங்கிவிடும். பிற்பாடு குழுவின் முன் திகதியை நிரூபிக்க வேண்டிய நேரத்தில் வெற்றுத் தாளாகத்தான் அது உங்கள் கையில் இருக்கும்.

செலவைப் பொறுத்தவரை, தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவின் கட்டண விதிகளின்படி ஏ4 தாளில் ஒரு பக்க நிழற்பிரதிக்கு 2 ரூபா, இருபக்கத்துக்கு 4 ரூபா, முதல் நான்கு பக்கங்கள் இலவசம். இருபத்து நான்கு பக்கக் கூட்ட அறிக்கைகளுக்கு 40 ரூபா அளவில்தான் வரும். அதைவிடப் பெரிய தொகை கேட்டால், எந்த விதியின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். மின்னஞ்சலில் கிடைக்கக்கூடியதை மின்னஞ்சலில் கேட்டால் இந்தச் செலவும் இல்லை.

5. காலக்கெடுவும் மேன்முறையீடும்

விண்ணப்பம் கிடைத்து 14 வேலை நாட்களுக்குள், தருவதா இல்லையா என்ற முடிவை அறிவிக்க வேண்டும். தருவதாக முடிவு செய்தால், கட்டணம் செலுத்த வேண்டியிருப்பின் அதைச் செலுத்திய பின்னர், 14 நாட்களுக்குள் தகவல் வர வேண்டும். தகவல் பெருமளவாக இருந்தால் மேலும் 21 நாட்கள் வரை நீடிக்கலாம், ஆனால் அந்த நீடிப்பையும் காரணத்துடன் உங்களுக்கு அறிவிக்க வேண்டும்.

பதில் இல்லையென்றாலும், அரைகுறையாக வந்தாலும், கட்டணம் அதிகமாகக் கேட்டாலும், 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு செய்யுங்கள். அவர் மூன்று வாரங்களுக்குள் முடிவு தர வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெரும்பாலானவர்கள் மௌனத்தைப் பதிலாக ஏற்றுக்கொண்டு இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். மௌனமும் மறுப்புத்தான், அதற்கு எதிராகவும் மேன்முறையீடு உண்டு. அத்துடன், பதிலே அனுப்பாத ஒரு சபை உங்களுக்கு நல்ல சான்றொன்றைத் தந்துவிட்டது என்பதையும் கவனியுங்கள். சட்டப்படியான விண்ணப்பத்துக்குப் பதிலெழுத ஆளில்லாத நிறுவனம் என்று நீங்கள் எழுதலாம், பற்றுச்சீட்டை இணைக்கலாம்.

முதல் விண்ணப்பத்திலிருந்து ஆணைக்குழுவின் தீர்மானம் வரை அரை வருடத்துக்கு மேல் எடுக்கலாம் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். நாட்காட்டியில் ஒவ்வொரு கெடுத்திகதியையும் முன்கூட்டியே வட்டமிட்டு வைப்பது நல்லது.

6. எந்தக் கதவு?

ஆவணங்கள் கையில் வந்த பிறகு, எல்லாருக்கும் பிரதியிட்டு ஒரே கடிதத்தைப் பத்து இடங்களுக்கு அனுப்பும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். பிரதி கிடைத்த ஒவ்வொருவரும் மற்றவர் பார்ப்பார் என்று கோப்பில் போட்டுவிடுவார்கள்.

சபையின் பணமும் செயலின்மையும்தான் விடயம் என்றால், முதலில் கணக்காய்வாளர் தலைமை அதிபதிக்கு எழுதுங்கள். 2018 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க தேசிய கணக்காய்வுச் சட்டம் அவருக்குப் பரந்த அதிகாரம் தருகிறது. கோப், கோபா குழுக்கள் அவருடைய அறிக்கைகளின் அடிப்படையில்தான் நிறுவனங்களை அழைக்கின்றன. கோப் தலைவருக்கு நேரடியாகக் கடிதம் எழுதத் தடையில்லை, ஆனால் அதை எடுத்து விசாரிக்க வேண்டிய கட்டாயம் குழுவுக்கு இல்லை. கணக்காய்வு அறிக்கையில் ஒரு பந்தியாக ஏறிய விடயத்துக்குக் கிடைக்கும் கவனம் தனிக் கடிதத்துக்குக் கிடைப்பதில்லை.

சபையின் செயலின்மையால் உங்களுக்கோ உங்கள் சங்கத்துக்கோ நேரடியாக நட்டம் ஏற்பட்டிருந்தால், பொது மனுக்கள் பற்றிய குழுவே உங்கள் இடம். செலுத்திய வைப்புப்பணம் திரும்பவில்லை, அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க ஆளில்லை, ஊழியர் சேமலாப நிதி கட்டப்படவில்லை போன்றவை அங்கே எடுபடும். நிர்வாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர், அதாவது ஒம்புட்ஸ்மன், இன்னொரு வழி. 1994 ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின்னர் அவருக்குப் பாராளுமன்ற உறுப்பினரின் துணை இல்லாமலே நேரடியாக எழுதலாம். தனியொருவருக்கு இழைக்கப்பட்ட அநீதிக்கு இது பொருத்தமானது. ஒரு சபையை முழுமையாக மீளாய்வு செய்ய வைப்பதற்கு அல்ல.

இனி மாகாண சபையின் கீழ் உள்ள நிறுவனங்கள். இவற்றைக் கேள்வி கேட்க வேண்டிய சட்டமன்றம் கிழக்கு மாகாண சபை. 37 உறுப்பினர்களைக் கொண்ட அந்தச் சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது, அதன் பிறகு தேர்தல் நடைபெறவில்லை. மாகாண சபைத் தேர்தல் தொகுதிகளுக்கான எல்லை மீள்நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் தோற்கடிக்கப்பட்ட பிறகு, அதை மீளாய்வு செய்ய அமைக்கப்பட்ட குழு இரண்டு மாதங்களில் தரவேண்டிய அறிக்கையைத் தரவேயில்லை. குழுவொன்று செயலற்றிருந்ததால் ஒரு மாகாணத்தின் சட்டமன்றமே இல்லாமல் போன நிலை அது. இந்தத் தலைப்பை ஏன் இவ்வளவு அக்கறையோடு எழுதுகிறேன் என்பது இதிலிருந்தே உங்களுக்குப் புரியும். மாகாணப் பணியகங்களைப் பற்றி நீங்கள் முறையிடக்கூடிய திருகோணமலை அலுவலகங்கள் எல்லாம் இப்போது நிறைவேற்றுத் தரப்பைச் சேர்ந்தவை: ஆளுநர், பிரதம செயலாளர், உரிய அமைச்சின் செயலாளர். அவர்களுக்கு எழுதுங்கள், ஆனால் சட்டமன்ற மேற்பார்வை வேண்டுமென்றால் கோபா குழு ஒன்றே எஞ்சியிருக்கிறது. மாகாண சபை நிதியையும் கணக்காய்வாளர் தலைமை அதிபதியே கணக்காய்வு செய்து பாராளுமன்றத்துக்கு அறிக்கையிடுகிறார் என்பதால் அந்த வழி திறந்தே உள்ளது. தகவலுக்கான உரிமைச் சட்டம் மாகாண நிறுவனங்களுக்கும் முழுமையாகப் பொருந்தும்.

நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்திருந்தால் அல்லது செய்ய எண்ணியிருந்தால் ஒரு சட்டத்தரணியிடம் முதலில் பேசுங்கள். நீதிமன்றத்தின் முன் உள்ள விடயத்தைப் பாராளுமன்றம் விவாதிப்பதில்லை என்பதால், அவசரமாகத் தாக்கல் செய்த மனுவொன்று குழுக்களின் கதவை மூடிவிடக்கூடும்.

7. பாராளுமன்ற உறுப்பினரிடம் போகும்போது

பொது மனு ஒன்றை நீங்களே பாராளுமன்றத்துக்கு அனுப்பிவிட முடியாது. உறுப்பினர் ஒருவர் அதில் ஒப்பமிட்டுச் சமர்ப்பிக்க வேண்டும். மட்டக்களப்பு மாவட்டத்துக்கு ஐந்து, அம்பாறை மாவட்டத்தை உள்ளடக்கிய திகாமடுல்லைக்கு ஏழு தெரிவு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். உங்கள் கட்சியைச் சேர்ந்தவரிடம்தான் போக வேண்டும் என்றில்லை. கோப், கோபா அல்லது மனுக்கள் குழுவில் அங்கத்தவராக உள்ளவர் யார் என்று பாராளுமன்றத் தளத்தில் பார்த்து, முதலில் அவரை நாடுவது பயன்தரும். வழமையாக மாதத்தின் முதலாம், மூன்றாம் வாரங்களில் அமர்வுகள் இருப்பதால், அமர்வு இல்லாத வாரத்தில் மாவட்ட அலுவலகத்தில் அவரைச் சந்திப்பது எளிது.

அவரிடம் தடித்த கோப்பைக் கொடுக்காதீர்கள். முன்பக்கத்தில் ஒரே பக்கக் குறிப்பு: சபையின் பெயர், அதன் சட்டம், கடைசிக் கூட்டத் திகதி, கடைசி ஆண்டறிக்கை, ஆண்டுவாரியாகச் சென்ற பணம், என்ன வேண்டுகிறீர்கள். அதன் பின்னால் தகவல் உத்தியோகத்தரின் பதில், கணக்காய்வு அறிக்கையின் உரிய பக்கம், மதிப்பீட்டுப் பக்கம். மனுவின் மொழி மரியாதையாக இருக்கட்டும். யாரையும் கள்வன் என்று எழுத வேண்டாம். "இச்சபைக்கு மூன்று ஆண்டுகளாகப் பணிப்பாளர்கள் இல்லை என்பதை அமைச்சே எழுத்தில் உறுதி செய்துள்ளது, இதனால் எமது சங்கத்தின் அங்கத்தவர்கள் செலுத்திய பதிவுக் கட்டணத்துக்குரிய சேவை கிடைக்கவில்லை, சபையைச் செயற்படுத்துமாறோ, அன்றேல் அதைக் கலைத்து எமது பணத்தைத் திருப்பித் தருமாறோ பணிக்கும்படி வேண்டுகிறோம்" என்ற அளவில் நிறுத்துங்கள். தேசிய அடையாள அட்டை இலக்கம், முழு முகவரி, கையொப்பம் இல்லாத மனு நகராது.

மனுவைத் தவிர, வாய்மூல விடைக்கான வினாவாக இதை எழுப்பும்படியும் அவரைக் கேட்கலாம். வினாவுக்கான பதில் ஹன்சாட்டில் அச்சாகும், அமைச்சரின் வார்த்தை நிரந்தரமாகப் பதிவாகும் என்பதுதான் அதன் மதிப்பு. அமைச்சர் இரண்டு வாரம், ஒரு மாதம் என்று அவகாசம் கேட்டு ஒத்திவைப்பது சாதாரணம். ஒத்திவைக்கப்பட்ட திகதியைக் குறித்து வைத்து, உறுப்பினரின் செயலாளருக்கு நினைவூட்டுவது உங்கள் பொறுப்பு. பாராளுமன்ற நடைமுறை விதிகளான நிலையியற் கட்டளைகளில் 27(2) இன் கீழ் கேட்பது கட்சித் தலைவர்களுக்குரிய வழி என்பதால், சாதாரண உறுப்பினரிடம் அதை வற்புறுத்தாதீர்கள்.

8. குழு அழைத்தால்

கோப், கோபா குழுக்கள் நிறுவனத் தலைவரையும் அமைச்சின் செயலாளரையும்தான் அழைக்கும், உங்களை அல்ல. மனுக்கள் குழு மட்டுமே மனுதாரரையும் அழைக்கும். அழைப்புக் கடிதம், அடையாள அட்டையின் மூலப்பிரதி, எல்லா ஆவணங்களினதும் மூலப்பிரதிகள், இரண்டு தொகுதி நிழற்பிரதிகள் ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். மட்டக்களப்பிலிருந்து இரவு ரயிலும், கல்முனை, அக்கரைப்பற்றிலிருந்து இரவு பஸ்ஸும் உங்களைக் காலையில் கொழும்பில் சேர்க்கும். ஆனாலும் முதல் நாளே போய்த் தங்கும் செலவையும் சேர்த்து ஒதுக்கிவைப்பது பாதுகாப்பு, ஏனெனில் கோட்டையிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போய்ப் பாதுகாப்புச் சோதனையைக் கடக்கவும் நேரம் எடுக்கும். உள்ளே தமிழில் பேசுங்கள். கேட்ட கேள்விக்கு ஆவணத்தின் பக்க எண்ணைச் சொல்லிப் பதிலளியுங்கள்.

9. அறிக்கை வந்த பிறகு

கோப், கோபா குழுவின் அறிக்கை சபையில் சமர்ப்பிக்கப்பட்டதும், அதன் பரிந்துரைகள் உரிய நிறுவனத்துக்கான பணிப்புரைகளாகக் கருதப்படும். எட்டு வாரங்களுக்குள் அமைச்சர் தமது அவதானிப்புகளையும் எடுத்த நடவடிக்கைகளையும் தர வேண்டும் என்று நிலையியற் கட்டளைகள் 119(4), 120(4) கூறுகின்றன. அந்த எட்டு வாரத்தை நீங்களும் எண்ணுங்கள். முடிந்த மறுநாளே, "குழுவின் இன்ன பரிந்துரை தொடர்பாக எடுக்கப்பட்ட நடவடிக்கையின் பிரதியைத் தரவும்" என்று புதிய தகவல் விண்ணப்பமொன்றை அமைச்சுக்கு அனுப்புங்கள். இப்போது விண்ணப்பம் ஒற்றைக் கேள்வியாக இருக்கலாம்.

பாராளுமன்றம் கலைக்கப்பட்டாலோ கூட்டத்தொடர் முடிவுறுத்தப்பட்டாலோ குழுக்கள் மீண்டும் அமைக்கப்பட வேண்டியிருக்கும். அப்படி நேர்ந்தால் உங்கள் விடயம் தானாகத் தொடரும் என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம். புதிய குழுவின் அங்கத்தவர் பட்டியல் வெளியான வாரத்திலேயே, பழைய மனுவின் இலக்கத்தைக் குறிப்பிட்டு அதே ஒருபக்கக் குறிப்பை, திகதிகளை மட்டும் புதுப்பித்து, அங்கத்தவரான உறுப்பினரின் கையில் கொடுங்கள்.

சபை கலைக்கப்படும் என்ற முடிவு வந்தால் வேலை முடிந்துவிட்டதாக எண்ணாதீர்கள். சட்டத்தால் உருவான சபையைக் கலைக்கவும் பெரும்பாலும் சட்டமே தேவைப்படும்; அமைச்சரவைத் தீர்மானம் மட்டும் போதாது. அந்த இடைக்காலத்தில் பதிவேடுகளும் பயனாளிகளின் கோவைகளும் காணாமல் போகும் ஆபத்து இருக்கிறது. ஆகவே உங்கள் பற்றுச்சீட்டுகள், பதிவு இலக்கங்கள், வைப்புப்பண விபரங்கள் ஆகியவற்றின் சான்றுப்படுத்தப்பட்ட பிரதிகளை இப்போதே பெற்றுக்கொள்ளுங்கள். சபையின் பொறுப்புகளை எந்த நிறுவனம் ஏற்கிறது என்று அமைச்சிடம் எழுத்தில் கேட்டு, அந்தப் பதிலையும் அதே கோப்பில் சேருங்கள்.